பல் அடைப்பு உலோகத்துக்கு ஒவ்வாமையா? தோல் நோய்ப் பிரிவில் செய்துகொண்ட பேட்ச் டெஸ்ட்

வலது கன்னத்தின் உட்புறம், கீழ்க் கடைவாய்ப் பல்லின் வெள்ளி அடைப்பு உரசும் அதே இடத்தில், வலை பின்னியதைப் போன்ற வெள்ளைக் கோடுகள் தோன்றி, ரசம் சோறு கூட எரியத் தொடங்கி ஓராண்டுக்கு மேலாகியிருந்தது. முதலில் பார்த்த பல் மருத்துவமனையில், வாயிலுள்ள உலோகம் முழுவதையும் உடனே எடுத்துவிடலாம் என்றார்கள்; எந்த உலோகம் காரணம் என்று கேட்டபோது தெளிவான விடை கிடைக்கவில்லை. ஆகவே சென்னையில் வேறொரு மருத்துவமனையின் தோல் நோய்ப் பிரிவில், சந்தேகப்படும் பொருள்களை முதுகில் ஒட்டி ஒவ்வாமையைக் கண்டறியும் பேட்ச் டெஸ்ட் செய்துகொண்டேன்.

அங்கே என்னை மிகவும் கவர்ந்தது சோதனைக்கு முன் நடந்த விசாரிப்பு. வெற்றிலை போடும் பழக்கம் உண்டா, இரத்த அழுத்தத்துக்கு என்ன மாத்திரை சாப்பிடுகிறேன், கவரிங் தோடு போட்டால் காது புண்ணாகுமா, சிறு வயதில் காயத்துக்குச் சிவப்பு மருந்து போட்டதுண்டா, முகம் வெளுக்க கிரீம் பூசியதுண்டா என்று மருத்துவர் பொறுமையாகக் கேட்டார். வெற்றிலைப் பழக்கமும் சில இரத்த அழுத்த மாத்திரைகளும் வாயில் இதே போன்ற கோடுகளை உண்டாக்கக்கூடும். சிவப்பு மருந்தான மெர்குரோகுரோமிலும் சில வெளுப்பு கிரீம்களிலும் பாதரசச் சேர்மம் இருக்கிறது; வெள்ளி அடைப்பிலும் பாதரசம் உண்டு என்பதால், பல் அடைப்பதற்கு முன்பே ஒவ்வாமை வந்திருக்க இடமுண்டு. கோடுகள் இரு கன்னங்களிலும் ஒரே மாதிரி இருந்தால் லைக்கன் பிளானஸ் என்னும் தோல், வாய் அழற்சி நோயை முதலில் நினைக்க வேண்டும் என்றும், அடைப்பை ஒட்டி ஒரு பக்கம் மட்டும் இருந்தால் உலோகத்தைச் சந்தேகிக்கலாம் என்றும், கையில் கண்ணாடியைக் கொடுத்து விளக்கினார். புற்றுநோய்க்கான மாற்றம் இல்லை என்பதை அறியச் சிறு சதைத் துணுக்கு எடுத்துச் சோதித்த பிறகே அடுத்த படிக்குச் சென்றார்கள்.

முன்பதிவு செய்யும்போதே ஒன்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும். ஒட்டிச் சோதிக்கும் பொருள்களின் வழக்கமான இந்திய வரிசையில் நிக்கல், கோபால்ட், குரோமியம் ஆகியவை உண்டு, பாதரசம் இல்லை. பல் மருத்துவப் பொருள்களுக்கான தனி வரிசையை இவர்கள் வரவழைக்க வேண்டியிருந்ததால் நான் ஏழு வாரம் காத்திருந்தேன், கட்டணமும் தனியாகவே வாங்கினார்கள். (1895இல் தோல் மருத்துவர் யோசெஃப் யாடாசோன் இந்தச் சோதனை முறையை எடுத்துக்காட்டியபோது அவர் கையாண்டதே பாதரசம்தான் என்பதை நினைத்தால் இந்தத் தாமதம் வருத்தமளிக்கிறது.) முதுகில் ஒட்டிய வில்லைகள் 48 மணி நேரம் இருக்க வேண்டும், கடைசி நாள் பார்க்கும்வரை முதுகு நனையக் கூடாது. வியர்வையில் பட்டி உரிந்துவிடும் என்பதால் வெயில் காலத்தைத் தவிர்த்து மார்கழியில் வரச் சொன்னது நல்ல யோசனை.

குறை என்று சொன்னால், இரண்டாம், நான்காம் நாள்களில் மட்டுமே பார்ப்பது அவர்கள் வழக்கம். உலோகங்களுக்கு, குறிப்பாகத் தங்கத்துக்கு, எதிர்வினை தாமதமாக வரக்கூடும் என்பதால் ஏழாம் நாளும் பார்க்கும்படி நானே கேட்டு வாங்கினேன். அறிக்கையிலும் கூட்டல், கழித்தல் குறிகள் மட்டுமே இருந்தன. கூட்டல் கூடக்கூட எதிர்வினை வலுவானது என்று பொருள். எனக்குப் பாதரசத்துக்கு இரண்டு கூட்டல், நிக்கலுக்கு ஒரு கூட்டல். வெள்ளி அடைப்பில் ஏறக்குறைய பாதி பாதரசம், மீதி வெள்ளி, வெள்ளீயம், செம்பு முதலியன. நிக்கல் அதில் இல்லை. ஆக என் நிக்கல் ஒவ்வாமை தோடுக்கும், பிற்காலத்தில் போடக்கூடிய நிக்கல் கலந்த பல் உறையான கேப்புக்கும் பொருந்துமே தவிர, இந்தப் புண்ணுக்குப் பொருந்தாது. இந்த விளக்கம் மருத்துவர் வாய்மொழியாகச் சொன்னதுதான். அதை எழுதித் தரக் கேட்ட பிறகே தந்தார்கள். தனித்தாளாக வெளியே போகும் அறிக்கையில் அந்த இரண்டு வரிகள் இல்லாவிட்டால், படிப்பவர் நல்ல அடைப்பையும் பிடுங்கிவிடுவார்.

மாற்றாக வைக்கப்போகும், பல் நிறப் பிசின் அடைப்பான காம்போசிட்டிலுள்ள மெத்தாக்ரிலேட் என்ற வேதிப்பொருளையும் அதே சோதனையில் சேர்த்திருந்தார்கள். அதற்கு எதிர்வினை இல்லை என்று தெரிந்த பிறகே, கன்னத்தைத் தொடும் அந்த ஒரு அடைப்பை மட்டும், ரப்பர் திரை கட்டி, உறிஞ்சு குழாயை அருகில் வைத்து, வேறொரு பல் மருத்துவர் அகற்றினார். மூன்று மாதத்தில் கோடுகள் மங்கின. மிளகு ரசம் இப்போது எரிவதில்லை. இடப்பக்கத்து அடைப்புக்கு அருகே கன்னம் சுத்தமாக இருப்பதால் அதைத் தொடவில்லை. ஆறு மாதம் கழித்து இரு பக்கமும் மீண்டும் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள்.