ஹெமி குடாவா, செவெல் எல்எஸ்6-ஆ?

இரண்டும் 1970 மாடல் அமெரிக்கக் கார்கள். பிளிமத் ஹெமி குடாவில் 426 கன அங்குல எஞ்சின், 425 குதிரைத்திறன், இரண்டு கார்புரேட்டர். செவர்லே செவெல் எல்எஸ்6-இல் 454 கன அங்குலம், 450 குதிரைத்திறன், ஒரே கார்புரேட்டர்.

அழகில் குடாதான். எஞ்சினுக்குக் காற்று இழுக்க அதன்மேல் பொருத்திய கூடு பானட்டைத் தாண்டி வெளியே நிற்கும். ஆக்சிலரேட்டரை மிதித்தால் எஞ்சினோடு சேர்ந்து அதுவும் குலுங்கும். பார்க்கப் பார்க்கச் சலிக்காது. ஆனால் அந்த ஆண்டு 700கூடத் தயாராகவில்லை. இன்று நம் ரூபாயில் விலை கோடிகளில். வாங்கியவர்கள் பலர் தூறலைக் கண்டாலே ஷெட்டில் பூட்டிவிடுகிறார்கள்.

செவெல் ஆயிரக்கணக்கில் வந்தது. உதிரிபாகங்கள் இன்றும் புதிதாகவே கிடைக்கின்றன. ஆகஸ்டில் டெட்ராய்ட் பக்கம் உட்வர்ட் அவென்யூவில் நடக்கும் கார் அணிவகுப்புக்குத் தயங்காமல் ஓட்டிப்போகலாம். பானட்டைத் திறந்துவைத்து, வருகிற பிள்ளைகளை ஸ்டீயரிங் பிடிக்க விடலாம். நான் செவெலைத்தான் எடுப்பேன்.