ஐந்து வயதுப் பிள்ளைக்குப் பராமரிப்பு நிலையமா, அமைச்சின் பாலர் பள்ளியா?

பராமரிப்பு நிலையத்தில் வளர்ந்த பிள்ளையை ஐந்து வயதில் அங்கேயே தொடர விடுவதா, கல்வி அமைச்சின் பாலர் பள்ளிக்கு மாற்றுவதா என்ற கேள்வி சிங்கப்பூர்த் தமிழ்க் குடும்பங்களில் அடிக்கடி எழுகிறது. முதலில் பார்க்கப்படுவது நேரம். நிலையம் வாரநாள்களில் காலை 7 முதல் மாலை 7 வரை திறந்திருக்கும். அமைச்சின் பள்ளியில் வகுப்பு 4 மணி நேரமே என்பதால், வேலைக்குச் செல்லும் பெற்றோர் வகுப்புக்குப் பிந்திய பராமரிப்புக்குத் தனியே கட்டணம் செலுத்த வேண்டியிருக்கும்.

பாடத்திட்டத்தில் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு இல்லை. 2003இல் வெளிவந்து 2012இலும் 2022இலும் திருத்தப்பட்ட பாலர் கல்விக் கட்டமைப்பே இரு தரப்புக்கும் வழிகாட்டி.

உண்மையான வேறுபாடு தமிழில் இருக்கிறது. 2014இல் தொடங்கப்பட்ட அமைச்சின் பள்ளிகளில் தாய்மொழி அன்றாட வகுப்பு. நிலையங்களில் தமிழாசிரியர் கிடைப்பது இடத்துக்கு இடம் மாறும். சீன வகுப்பின் ஓரத்தில் படம் வரைந்துகொண்டிருந்த தமிழ்ப் பிள்ளையை நானே பார்த்திருக்கிறேன்.

அமைச்சின் பள்ளி ஒன்றில், விளையாட்டுக் கடை முன் நின்ற சிறுமி ஒருத்தி பச்சைப்பயற்றைக் கரண்டியால் டப்பாவில் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள். "இன்னும் எத்தனை கரண்டி கொள்ளும்?" என்று ஆசிரியை கேட்டார். "மூணு" என்றவள், ஐந்தாவது கரண்டியில்தான் பயறு சிந்தக் கண்டு சிரித்து, "இப்ப நீ சொல்லு" என்று கரண்டியைப் பக்கத்துப் பையனிடம் நீட்டினாள். ஊகித்தல், எண்ணுதல், விரல்களின் பிடிமானம், முறை விட்டுக்கொடுத்தல் ஆகிய நான்கும் அந்த ஐந்து நிமிடத்தில் தமிழிலேயே நடந்தன. பயிற்சித்தாள் எதுவும் இதற்கு ஈடாகாது.

ஆயினும் நிலையத்தின் பக்கமும் ஒரு வலுவான நியாயம் உண்டு. மதியத் தூக்கம் கலைந்தால் அழும் பிள்ளையை எப்படித் தேற்றுவது என்பதை மூன்று ஆண்டுகளாக அறிந்த ஆசிரியரை, ஐந்து வயதில் இழப்பது சிறிய செய்தியன்று. கூச்ச சுபாவமுள்ள பிள்ளை புதிய இடத்தில் வாய் திறக்கவே மாதங்கள் ஆகலாம். பெரும்பாலும் தொடக்கப்பள்ளி வளாகத்திலேயே அமைந்த அமைச்சின் பள்ளியில் படித்தால், அதே தொடக்கப்பள்ளிக்கு, தொடக்கநிலை ஒன்றுப் பதிவில் முன்னுரிமை தரும் 2ஏ கட்டத்தில் பதியலாம் என்பதற்காகவே மாற்றுவோர் உண்டு. அது பெற்றோரின் கணக்கு. பழகிய வளாகத்தில் தொடக்கநிலை ஒன்றைத் தொடங்குவது மட்டுமே பிள்ளைக்கான லாபம்.

எனவே நிலையத்தில் நல்ல தமிழாசிரியர் இருந்தால் நான் பிள்ளையை மாற்றமாட்டேன். இல்லையென்றால், பாட்டியோ தாத்தாவோ வீட்டில் நாள்தோறும் தமிழ் பேசினாலொழிய, மாற்றிவிடுவேன். இரண்டு இடங்களையும் பார்க்கப் போகும்போது, தமிழ் நேரத்தில் பிள்ளைகள் பேசுகிறார்களா, அட்டையைப் பார்த்து ஒப்பிக்கிறார்களா என்று கேளுங்கள்.