ஹட்டன் டவுனில் ஒரு சின்னக் கம்ப்யூட்டர் கடை: நெட் வராத கணினியோடு போன அனுபவம்

மகள் உயர்தரம் படிக்கிறாள், ஐ.சி.டி.யும் ஒரு பாடம். அவளுக்காகக் கொழும்பில் ஓர் அலுவலகம் கழித்துவிட்ட கணினியை வாங்கினோம். கொட்டகலைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் சிம் போடும் 4ஜி ரவுட்டர்தான், அதிலிருந்து ஃபோனுக்கு வைஃபை நன்றாகவே வருகிறது, ஆனால் லேன் வயரைக் கணினியில் குத்தினால் மட்டும் 'நோ இன்டர்நெட்' என்று நிற்கும். இரண்டு வாரம் இதே கதை. வயரை மாற்றிப் பார்த்தோம், ரவுட்டரை ஜன்னலோரம் வைத்துப் பார்த்தோம். ஓரிடத்தில் காட்டியபோது ஃபார்மட் அடிக்க வேண்டும், 3,500 ரூபாய் ஆகும் என்றார்கள்.

பக்கத்து வீட்டு அக்கா சொல்லித்தான் ஹட்டன் பஸ் ஸ்டாண்டுக்கு மேலே படியேறிப் போகும் இந்தக் கடைக்கு சிபியுவைத் தூக்கிக்கொண்டு போனேன். கடைக்காரத் தம்பி கேட்ட முதல் கேள்வியே "ஃபோன்ல நெட் வருதா டீச்சர்?" என்பதுதான். வருகிறது என்றதும், அப்படியானால் சிக்னலும் ரவுட்டரும் சரி, கோளாறு கணினிக்குள்தான் என்றார். கமாண்ட் ப்ராம்ப்ட் என்ற கறுப்புத் திரையைத் திறந்து, கணினியின் நெட்வொர்க் எண்ணைக் காட்டும் ஐபிகான்ஃபிக் என்ற கட்டளையைத் தட்டினார். 10.20 என்று தொடங்கும் ஓர் எண் வந்தது. எங்கள் ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் எண்ணோ 192.168.8.1.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் கேட்டார், "தோட்டத்துல உங்களுக்குக் கடிதம் எப்படி வரும்?" தோட்ட ஆபீசுக்கு வரும், அங்கிருந்து லயத்துக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, கொண்டுவந்து கொடுப்பார்கள் என்றேன். ரவுட்டரும் அந்த ஆபீஸ் மாதிரிதானாம். வெளியே இருந்து பார்த்தால் எல்லாமே ஆபீஸ் வரைக்கும்தான் வரும், உள்ளே எந்த வீட்டுக்கு எது என்று பிரித்துக் கொடுக்க ரவுட்டர் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எண் தருகிறது, அதற்குப் பெயர் டிஎச்சிபி. இந்தக் கணினியோ பழைய அலுவலகத்தின் அந்த 10.20 எண்ணையே கையோடு கொண்டு வந்துவிட்டது, ஒரு தோட்டத்தை விட்டு வந்த பிறகும் அந்தத் தோட்டத்து லய நம்பரையே சொல்லிக்கொண்டிருப்பது போல. தனி முகவரி இல்லாத லயத்தில் வளர்ந்தவள் நான். ஒரு நேர்முகப் பரீட்சைக் கடிதம் ஆபீசில் கிடந்து, தேதி முடிந்த பிறகு என் கைக்கு வந்ததை இன்றும் மறக்கவில்லை. அதனால் இதை எனக்கு இரண்டாவது தடவை சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அப்புறம் அவர் செய்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. மவுஸை என் கையில் கொடுத்துவிட்டார். செட்டிங்ஸ், நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், ஈதர்நெட், ஐபி அசைன்மென்ட், எடிட். அங்கே 'மேனுவல்' என்று இருந்ததை 'ஆட்டோமேட்டிக்' ஆக்கி சேவ் கொடுத்தேன். கடை ரவுட்டரிலேயே உடனே நெட் வந்தது. ஃபார்மட்டும் இல்லை, ஒன்றும் இல்லை.

இன்னொன்றையும் சொல்லிக் கொடுத்தார். அதே கறுப்புத் திரையில் பிங் (ஓர் எண்ணிலிருந்து பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை) என்று போட்டு, கூகுளின் எண்ணான 8.8.8.8 அடித்தால் பதில் வருகிறது, ஆனால் எந்தத் தளத்தையும் பெயரைச் சொல்லித் திறக்க முடியவில்லை என்றால், பெயரை எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸில்தான் பெரும்பாலும் கோளாறாம். அதேபோல் 169.254 என்று தொடங்கும் எண் தெரிந்தால் ரவுட்டர் எண்ணே தரவில்லை, கணினி தானாக ஒன்றைப் போட்டுக்கொண்டது என்று அர்த்தம். அடுத்த வாரம் கரண்ட் போய் வந்தபோது சரியாக இதுவே வந்தது. ரவுட்டரை நிறுத்திப் போட்டு, அதன் விளக்கு நிலையாக எரியும் வரை பொறுத்து, பிறகு கணினியை மறுபடி ஆன் செய்தேன், சரியாகிவிட்டது. யாரையும் கூப்பிடவில்லை.

டேட்டா சீக்கிரம் தீர்கிறது என்றதற்கு 'மீட்டர்ட் கனெக்ஷன்' என்ற சுவிட்சைக் காட்டினார். அதைப் போட்டால் விண்டோஸின் பெரும்பாலான அப்டேட்கள் தானாக இறங்காது. ஆனால் அப்படியே விட்டுவிடக் கூடாது, இரவு டேட்டா மிஞ்சும் நாட்களில் அந்த சுவிட்சை அணைத்துவிட்டு அப்டேட் செய்யுங்கள் என்றார். சிம் போட்டு ரீலோட் செய்து ஓட்டும் எங்களைப் போன்ற வீடுகளுக்கு இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும், வேறெங்கும் யாரும் எனக்குச் சொன்னதில்லை.

கூலி 500 ரூபாய். குறை என்றால், கடை மிகச் சின்னது, உட்கார ஒரு ஸ்டூல்தான். கேட்டால்தான் பில் எழுதித் தருகிறார், கேளுங்கள். தோட்டத்துக்கு வந்து பார்க்க மாட்டார், அதனால் வயதானவர்களுக்குக் கஷ்டம்தான். சம்பளம் போட்ட வாரத்து ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்திருக்க வேண்டிவரும். மானிட்டரைச் சுமந்துகொண்டு போகத் தேவையில்லை, அங்கே இருக்கிறது. சிபியுவும் லேன் வயரும் போதும், ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் தாளை ஃபோனில் படம் எடுத்துக்கொண்டு போங்கள்.