லோஃபானிக்கு மீன் வாங்கிய கடை

சிட்னி லிவர்பூலில் இருக்கும் சின்ன மீன்கடை. பக்கத்து வீட்டு அக்கா மண்டேயர், அதாவது ஈராக், ஈரான் பகுதியின் பழமையான ஒரு சிறுபான்மைச் சமயத்தைச் சேர்ந்தவர்; ஈராக்கின் அமாராவிலிருந்து வந்தவர். அவருடைய அம்மா இறந்த 45-ஆம் நாளுக்காகப் போனோம். உயிர் 3-ஆம் நாள் உடலை விட்டுக் கிளம்பி, 45-ஆம் நாள்வரை ஒளியுலகை நோக்கிப் பயணம் போகும் என்பது அவர்கள் நம்பிக்கை. அந்தப் பயணத்துக்குத் துணையாகச் சாப்பிடுவதுதான் லோஃபானி: ரொட்டி, உப்பு, மீன், பழங்கள்.

கடைக்காரர் செவுளைத் தூக்கிக் காட்டினார். நல்ல ரத்தச் சிவப்பு. வெட்டாமல் முழு மீனாகவே தனிப் பையில் போட்டுக் கொடுத்தார். விலை கொஞ்சம் கூடத்தான். இருந்தாலும் இந்தச் சாப்பாட்டுக்கு நேற்றைய மீனை வாங்க மனம் வராது.

வீட்டில் ஓடும் தண்ணீரில் மாதுளையை அலசிக்கொண்டே, அக்கா அம்மாவின் மல்வாஷாவை, அதாவது சமயப் பெயரை, மெதுவாக ஒருமுறை சொல்லிப் பார்த்தார்.