சிகாகோ: ஸ்கைடெக்கா, ஹான்காக்கா, படகா?

சிகாகோ போகிறவர்கள் முதலில் வாங்கும் டிக்கெட் பெரும்பாலும் வில்லிஸ் டவரின் பார்வைத் தளமான ஸ்கைடெக்குக்குத்தான். 110 மாடி, 442 மீட்டர். சியர்ஸ் டவர் என்று பெயர் சூட்டி எழுப்பப்பட்ட இது, 1998 வரை உலகிலேயே உயரமான கட்டடமாக இருந்தது. 103ஆவது மாடியில், சுவரைத் தாண்டி வெளியே நீளும் கண்ணாடிப் பெட்டியில் நின்றால் காலுக்கு நேர் கீழே தெரு. பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்தான். ஆனால் வரிசை நீளம், பெட்டிக்குள் நிற்க விடும் நேரமோ கொஞ்சம். பெரிய குறை வேறு: அங்கே ஏறிவிட்டால் ஊரின் அடையாளமான வில்லிஸ் டவரே கண்ணில் படாது.

உயரத்திலிருந்துதான் பார்க்க வேண்டும் என்றால் ஹான்காக் கட்டடத்துக்குப் போங்கள். 2018இல் அந்தப் பெயரை எடுத்துவிட்டாலும் ஊரார் இன்னும் அப்படித்தான் சொல்கிறார்கள். பார்வைத் தளம் 94ஆவது மாடியில். ஸ்கைடெக்கைவிட நூறு மீட்டர் அளவுக்குத் தாழ்வு, ஆனால் ஏரிக்குப் பக்கம். ஒருபுறம் மிச்சிகன் ஏரியின் வளைந்த கரை, தெற்கே வில்லிஸ் உட்பட டவுன்டவுன் முழுவதும். சூரியன் மறைய ஒரு மணி நேரம் முன்பு ஏறினால் பகலையும் விளக்கு எரியும் இரவையும் ஒரே டிக்கெட்டில் பார்த்துவிடலாம். மனிதர்களைக் கண்ணாடியோடு வெளியே சாய்க்கும் 'டில்ட்' தனிக் கட்டணம், அதை விட்டுவிடலாம். மேகம் தாழ்ந்த நாளில் இரண்டு இடத்திலும் வெறும் வெள்ளைதான் தெரியும், வானத்தைப் பார்த்துவிட்டு டிக்கெட் வாங்குங்கள்.

சரி, ஒன்றே ஒன்று என்றால்? தயங்காமல் ஆற்றுப் படகு. சிகாகோவின் செல்வம் அதன் கட்டடங்கள். அவற்றை மேலிருந்து பார்த்தால் மொட்டைமாடிகள்தான் தெரியும், கீழிருந்து பார்த்தால்தான் உருவம் பிடிபடும். மேலே சொன்ன இரண்டு கோபுரங்களுக்கும் பொறியாளர் டாக்காவில் பிறந்த ஃபஸ்லுர் ரஹ்மான் கான். ஒன்பது சதுரக் குழாய்களைச் சேர்த்துக் கட்டியதுபோல அவர் வில்லிஸை நிறுத்தியதும், அந்தக் குழாய்கள் வெவ்வேறு உயரத்தில் நின்றுவிடுவதும் வெளியிலிருந்துதான் விளங்கும். 1960களின் மரினா சிட்டி இரட்டைக் கோபுரங்களில் கீழ் மாடிகள் முழுக்கச் சுற்றிச் சுற்றி ஏறும் கார் நிறுத்தம். படகு அதன் அடியிலேயே போகும். சிகாகோ கட்டடக்கலை மையம் நடத்தும் படகுப் பயணம் 90 நிமிடம். விளக்கம் சொல்பவர்கள் பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள், ஆர்வமாகப் பேசுவார்கள். கழிவுநீர் கலந்து ஏரியின் குடிநீர் கெட்டதால், 1900இல் இந்த ஆற்றின் ஓட்டத்தையே திருப்பிவிட்ட ஊர் இது. அந்தத் தண்ணீர்மேல் உட்கார்ந்து அதைக் கேட்பதே தனி. வயதானவர்களுக்கும் நடை மிச்சம்.

குளிர்காலத்தில் பெரும்பாலான படகுகள் ஓடாது, அப்போது ஹான்காக். கோடையில் படகுக்கு முன்கூட்டியே பதிவு செய்துவிடுங்கள். மேல்தளத்தில் வெயில் நேராக அடிக்கும், தொப்பி அவசியம்.