காத்திருப்பை எங்கே வைப்பது? ஜாவா இணையச் சேவைக் கிளையண்ட்டுகள்: ஓர் ஒப்பீடு

ஒரு ஜாவா பயன்பாட்டுக்கு வினாடிக்கு 2000 கோரிக்கைகள் வருகின்றன, ஒவ்வொன்றுக்கும் வெளியே உள்ள ஓர் இணையச் சேவையை ஒருமுறை அழைக்க வேண்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தச் சேவை 50 மில்லிவினாடியில் பதில் தரும்வரை, லிட்டில் விதிப்படி (வரும் வேகத்தைக் காத்திருக்கும் நேரத்தால் பெருக்கினால் காத்திருப்போர் எண்ணிக்கை கிடைக்கும்), எந்த நேரத்தில் எண்ணிப் பார்த்தாலும் சராசரியாக 100 அழைப்புகளே பதிலுக்காகக் காத்திருக்கும். அதே சேவை மந்தமாகி 3 வினாடி எடுத்துக்கொண்டால் அது 6000 ஆகிவிடும். சேவையை அழைக்கும் நிரல் பகுதியான கிளையண்ட்டாக எதைத் தேர்ந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. அந்த 6000 காத்திருப்புகளும் எங்கே உட்கார்ந்திருக்கின்றன, அதற்கு நாம் என்ன விலை கொடுக்கிறோம் என்பதில்தான் கிளையண்ட்டுகள் வேறுபடுகின்றன.

வழக்கமான, ஒத்திசைவான கிளையண்ட்டில், அதாவது பதில் வரும்வரை அடுத்த வரிக்குப் போகாத கிளையண்ட்டில், ஒவ்வொரு காத்திருப்பும் ஒரு திரெட்டை (நிரலை இயக்கும் ஓர் இழையை) பிடித்துக்கொள்கிறது. ஜாவா வலைச் சேவையகமான டாம்கேட்டின் இயல்பு அமைப்பில் 200 திரெட்டுகளே உண்டு என்பதால், 3 வினாடித் தாமதத்தில் அது வினாடிக்கு 66 கோரிக்கைகளைத்தான் முடிக்க முடியும். அந்தச் சேவையோடு தொடர்பே இல்லாத பக்கங்களும் அதனால் முடங்கிப்போகும். ஆனால் இந்த முறையைப் பழிப்பதற்கு முன், அதன் இயல்பு அமைப்புகளைத் திருத்தினோமா என்று பார்ப்பது நியாயம். ஜாவாவுடனே வரும் எச்டிடிபி யூஆர்எல் கனெக்‌ஷனில் பதிலுக்குக் காத்திருக்கும் நேரத்துக்கு இயல்பாக வரம்பே இல்லை. அப்பாச்சி எச்டிடிபி கிளையண்ட்டின் 4ஆம் பதிப்பில், இணைப்புத் தொகுப்பு ஒரே சேவைக்கு இயல்பாக 2 இணைப்புகளை மட்டுமே தரும். இந்த இரண்டையும் சரிசெய்தாலே தீர்ந்துவிடும் சிக்கலுக்காக, நிரல் முழுவதையும் ஒத்திசைவற்றதாக (பதிலுக்காக நிற்காமல் மேலே செல்வதாக) மாற்றி எழுதுவது வீண் உழைப்பு. ஒத்திசைவான முறையில், பிழை எந்த வரியில் எழுந்தது என்பதை ஸ்டாக் டிரேஸ் (அழைப்புகளின் வரிசைப் பட்டியல்) நேராகக் காட்டும் வசதியையும் குறைத்து மதிப்பிடக் கூடாது.

எக்ஸ்எம்எல் செய்திகளால் பேசும் சோப் சேவைகளை அழைப்பவர்களுக்கு, அதற்கான ஜாவா தரநிலையான ஜாக்ஸ்-டபிள்யூஎஸ் 2006 முதல் இரண்டு ஒத்திசைவற்ற வடிவங்களைத் தந்திருக்கிறது: பதில் வந்துவிட்டதா என்று நாமே கேட்டுப் பார்ப்பது ஒன்று, பதில் வந்ததும் நாம் கொடுத்த செயல்கூறை (கால்பேக்கை) அழைக்கச் சொல்வது மற்றொன்று. இவற்றில் பலர் ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. அழைத்த திரெட் உடனே விடுபட்டாலும், உள்ளே இன்னொரு திரெட் அதே சாக்கெட்டின் (பிணைய இணைப்பின் முனையின்) முன் காத்துக் கிடக்கலாம். ஜாக்ஸ்-டபிள்யூஎஸ்ஸைச் செயல்படுத்தும் அப்பாச்சி சிஎக்ஸ்எஃப்பின் பழைய பதிப்புகளில், தனி டிரான்ஸ்போர்ட் தொகுதியைச் சேர்த்தால்தான் திரெட்டைப் பிடிக்காத உள்ளீடு-வெளியீடு உண்மையில் கிடைத்தது. அதைச் சேர்க்காதவர்கள் சுமையை ஒரு திரெட் தொகுப்பிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினார்களே தவிரக் குறைக்கவில்லை.

ஜாவா நிரல் சட்டகமான ஸ்பிரிங் 5உடன் 2017இல் வந்த வெப்கிளையண்ட்டும், 2018இல் ஜாவா 11இல் நிலைபெற்ற எச்டிடிபி கிளையண்ட்டும் உண்மையாகவே ஒத்திசைவற்றவை. சில திரெட்டுகளே ஆயிரக்கணக்கான சாக்கெட்டுகளைக் கவனித்துக்கொள்கின்றன. ஒரு காத்திருப்பின் விலை சில கிலோபைட் நினைவகமும் ஒரு சாக்கெட்டும்தான். ஒரே கோரிக்கைக்காகப் பத்துச் சேவைகளை ஒருசேர அழைத்துப் பதில்களை இணைக்க வேண்டிய இடத்தில் இந்த வடிவம் மிக அழகாகப் பொருந்துகிறது. ஆனால் இதில் ஒரு பெரிய ஆபத்து இருக்கிறது, அதை ஒத்திசைவற்ற முறையை விரும்புபவர்கள் போதிய அழுத்தத்துடன் சொல்வதில்லை: 200 திரெட்டுகள் என்ற எல்லை நமக்குத் தொல்லையாக இருந்தபோதே, நம் பயன்பாட்டையும் எதிரே உள்ள சேவையையும் அது காத்தும் வந்தது. அது போனபின், தடுப்பதற்கு ஆளில்லை. ஜாவா 11 கிளையண்ட் எச்டிடிபி 1.1இல் ஒரே நேரத்தில் திறக்கும் இணைப்புகளுக்கு வரம்பு வைப்பதில்லை என்பதால், மந்தமான சேவையின் மீது 6000 இணைப்புகளும் திறக்கப்படும்; லினக்ஸில் ஒவ்வொரு இணைப்பும் ஒரு திறந்த கோப்பாகவே எண்ணப்படுவதால், ஒரு செயலிக்கு அனுமதிக்கப்படும் கோப்பு எல்லையை அது தாண்டிவிடக்கூடும். வெப்கிளையண்ட்டின் அடியில் இயங்கும் ரியாக்டர் நெட்டி இயல்பாகவே 500 இணைப்புகள் என்று வரம்பு வைத்து, காத்திருப்போர் வரிசையையும் அளந்து வைத்திருப்பது இந்த வகையில் பாராட்டத்தக்கது. பல சாக்கெட்டுகளைக் கவனிக்கும் அந்தச் சில திரெட்டுகளில் (நிகழ்வுச் சுழற்சித் திரெட்டுகளில்) ஒன்றில் யாரோ ஒருவர் தெரியாமல் ஒரு தரவுத்தள அழைப்பை எழுதிவிட்டால், அந்தத் திரெட்டை நம்பியிருக்கும் எல்லா இணைப்புகளும் அதோடு சேர்ந்து நிற்கும் என்பதும் நினைவில் இருக்க வேண்டும்.

2023இல் ஜாவா 21 நிலையாக்கிய மெய்நிகர் திரெட்டுகள் (ஜாவாவே நிர்வகிக்கும் இலேசான திரெட்டுகள்) இந்தப் போட்டியின் நிலையையே மாற்றிவிட்டன. நிரலை ஒத்திசைவான பாணியிலேயே எழுதலாம். காத்திருக்கும்போது மெய்நிகர் திரெட் தன்னைச் சுமக்கும் இயங்குதளத் திரெட்டை விட்டு இறங்கிவிடுகிறது. சிங்க்ரொனைஸ்டு தொகுதிக்குள் (ஒரு நேரத்தில் ஒரு திரெட் மட்டுமே நுழையக்கூடிய நிரல் பகுதிக்குள்) காத்திருந்தால் இறங்க முடியாமல் ஒட்டிக்கொள்ளும் குறை 21இல் இருந்தது. 2025இல் வந்த ஜாவா 24 அதைப் பெரும்பாலும் நீக்கிவிட்டது. ஆகவே புதிதாகத் தொடங்கும் திட்டத்தில் கோரிக்கை-பதில் வகை அழைப்புகளுக்கு நான் மெய்நிகர் திரெட்டுகளையே தேர்வேன். தொடர் தரவோட்டம் உள்ள இடத்துக்கும், ஏற்கெனவே முழுதும் ரியாக்டிவ் பாணியில் (தரவு வரவர வினைபுரியும் ஒத்திசைவற்ற பாணியில்) எழுதப்பட்ட பயன்பாட்டுக்கும் வெப்கிளையண்ட் தொடரட்டும்.

எனினும், வரம்பில்லாத் திறப்பு என்ற ஆபத்து மெய்நிகர் திரெட்டுகளிலும் அப்படியே இருக்கிறது. அவற்றைத் தொகுப்பாக வைத்து எண்ணிக்கையைக் கட்டுப்படுத்துவது முறையன்று; சேவைக்கு ஒரு செமஃபோர் (குறிப்பிட்ட எண்ணிக்கையில் மட்டும் அனுமதி தரும் காவல்) வைப்பதே முறை. நம் கணக்கில் இயல்பான தேவை 100 என்பதால், அதன் மூன்று மடங்காக 300 அனுமதிகள் வைக்கலாம். சேவை 3 வினாடிக்கு மந்தமாகும்போது வினாடிக்கு 100 அழைப்புகள் மட்டும் உள்ளே போகும், மற்ற 1900 கோரிக்கைகளுக்கும் சில மில்லிவினாடியில் மறுப்பு கிடைக்கும், அந்தச் சேவையைத் தொடாத பக்கங்கள் வழக்கம்போல் இயங்கும். தோற்ற அழைப்பை மும்முறை மீண்டும் முயலும் அமைப்பு கிளையண்ட்டில் இருந்தால், அந்த மறு முயற்சிகளையும் இதே 300க்குள் அடக்கியாக வேண்டும்.