பாராலிம்பிக்ஸ் பார்க்க எது தேவலை: இலவச சேனலா, கட்டண சேனலா, ஓடிடியா?

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மொத்தம் 329 தங்கத்துக்குப் போட்டி நடந்தது. சில வாரம் கழித்து அதே ஊரில் மாற்றுத்திறனாளிகளுக்காக நடந்த பாராலிம்பிக்ஸில் 549. இத்தனைக்கும் விளையாட்டுகள் குறைவு, 22தான். நாட்களும் குறைவு. அப்புறம் எப்படி இவ்வளவு தங்கம் என்றால், நூறு மீட்டர் ஓட்டம் என்பது அங்கே ஒரே ஓட்டம் இல்லை. பார்வையற்றவர்கள் தனி, செயற்கைக் கால் பொருத்தியவர்கள் தனி, சக்கர நாற்காலியில் வருபவர்கள் தனி, மூளை முடக்குவாதம் உள்ளவர்கள் தனி. அதற்குள்ளும் பல பிரிவுகள். நாளொன்றுக்குச் சுமார் ஐம்பது இறுதிப்போட்டி என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம்.

இதை ஒரே சேனலில் காட்டுவது ஆகாத காரியம். எதையாவது விட்டுத்தான் ஆகவேண்டும். எதை விடுகிறார்கள் என்பது திரைக்குத் திரை மாறுகிறது. அதனால் இலவச சேனலில் பார்ப்பவரும் ஓடிடியில் பார்ப்பவரும் மறுநாள் பேசிக்கொண்டால், இரண்டு வெவ்வேறு போட்டிகளைப் பார்த்தவர்கள் மாதிரி இருக்கும்.

இலவச சேனல்

இந்தப் பேச்சில் முதலில் வரும் பெயர் பிரிட்டனின் சேனல் 4. 2008 பெய்ஜிங் வரை அங்கே பாராலிம்பிக்ஸைக் காட்டியது பிபிசி. 2012 லண்டன் போட்டிக்கான உரிமையைச் சேனல் 4 வாங்கியது. தொடக்க விழாவை உச்சக்கட்டத்தில் 1.12 கோடிப் பேர் பார்த்தார்கள். அதே சமயத்தில் தினமும் இரவில் ஓடிய ‘தி லாஸ்ட் லெக்’ என்ற நகைச்சுவை அரட்டை நிகழ்ச்சி, போட்டி முடிந்த பிறகும் நிற்காமல் வருடக்கணக்காகத் தொடர்ந்தது.

அந்த ஒளிபரப்பில் எனக்குப் பெரிதாகப் படுவது இரண்டு விஷயம். ஒன்று, திரையில் தோன்றியவர்களில் பாதிப்பேர் மாற்றுத்திறனாளிகள். செயற்கைக் காலைப் பற்றி, செயற்கைக் கால் போட்டவரே பேசும்போது ‘ஐயோ பாவம்’ என்ற குரல் தானாகவே காணாமல் போகிறது. இன்னொன்று ‘லெக்ஸி’ என்ற வரைகலை முறை. பாராலிம்பிக்ஸில் நீந்திப் பதக்கம் வாங்கிய ஜைல்ஸ் லாங் உருவாக்கியது. போட்டி தொடங்குமுன் திரையில் ஒரு மனித உருவம் வரும். உடலில் எங்கே, எவ்வளவு பாதிப்பு என்பதை நிறங்களில் காட்டும். பத்து இருபது விநாடி வேலைதான்.

இது ஏன் பெரிய விஷயம் என்பதற்கு நீச்சலில் எஸ்6 பிரிவைப் பாருங்கள். ஒரு தடத்தில் உயரம் குறைந்தவர், அடுத்ததில் இரண்டு கைகளும் இல்லாதவர், அதற்கடுத்ததில் மூளை முடக்குவாதம் உள்ளவர் நிற்கக்கூடும். புதிதாகப் பார்ப்பவர் வாயில் வரும் முதல் கேள்வி, ‘இவங்களை எப்படி ஒன்றாக நீந்த விடுகிறார்கள்?’ என்பதுதான். அதற்குப் பதில் கிடைத்தால் உட்கார்ந்து பார்ப்பார். கிடைக்காவிட்டால் ரிமோட்டை எடுத்துவிடுவார்.

இலவச சேனலின் பலமும் அந்த ரிமோட்டில்தான் இருக்கிறது. செய்தி முடிந்து, சீரியல் தொடங்குமுன் சேனலை மாற்றிக்கொண்டே போகும் ஒருவர், சக்கர நாற்காலி ரக்பியில் இரண்டு நாற்காலிகள் மோதும் சத்தத்தைக் கேட்டு நின்றுவிடுவார். அவர் தேடி வந்தவர் இல்லை. தேடாமல் வருபவர்களை வேறு எந்தத் திரையும் இந்த அளவுக்குக் கொண்டுவந்து சேர்ப்பதில்லை. 2020இல் பிரிட்டன் அரசு, இலவச சேனல்களுக்குக் கிடைத்தே ஆகவேண்டிய விளையாட்டுகளின் பட்டியலில் பாராலிம்பிக்ஸையும் சேர்த்தது இதை யோசித்துத்தான் இருக்கும்.

குறையும் உண்டு, சின்னக் குறை இல்லை. சேனல் 4 விளம்பரத்தில் ஓடும் சேனல். 2012இல் நடுநடுவே விளம்பரம் போட்டதற்கு நிறையத் திட்டு வாங்கியது. எனக்கும் ஒரு அனுபவம் உண்டு. வேறொரு சேனல். எஸ்11 நீச்சல், முழுப் பார்வையிழப்பு உள்ளவர்கள் பிரிவு. அதில் சுவரை நெருங்கும்போது பயிற்சியாளர் கரையில் நின்று, நுனியில் மெத்தென்ற உருண்டை வைத்த நீண்ட கழியால் வீரரைத் தட்டுவார். அந்தத் தட்டு ஒரு கணம் முந்தினால் திரும்புவது கெடும், பிந்தினால் தலை சுவரில் மோதும். முதல் திருப்பத்தைக் காட்டினார்கள். இரண்டாவதுக்குள் சோப்பு விளம்பரம் வந்துவிட்டது. திரும்பி வந்தபோது வென்றவர் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

அப்புறம் சொந்த நாட்டுப் பாசம். நம் ஆள் இல்லாத போட்டியை இலவச சேனல் பெரும்பாலும் தொடவே தொடாது. குறிப்பந்துக்குப் பக்கத்தில் பந்தை உருட்டிச் சேர்க்கும் போச்சியா மாதிரி நிதானமான ஆட்டத்துக்கு இங்கே இடம் கிடைப்பது அபூர்வம்.

கட்டண சேனல்

டிடிஎச்சிலும் கேபிளிலும் வரும் விளையாட்டு சேனல்களைப் பற்றி நீட்டிச் சொல்ல அதிகமில்லை. ஒன்றுக்கு மூன்று சேனல் திறக்க முடியும் என்பதுதான் இவற்றின் வசதி. 2012இல் சேனல் 4கூட செயற்கைக்கோள், கேபிள் வீடுகளுக்கென்று மூன்று கூடுதல் சேனல்களை ஓட்டியது. பிரதான சேனலில் தடகளம் ஓடும்போது வேறொன்றில் கூடைப்பந்து. சந்தா கட்டியிருப்பவருக்குக் கொண்டாட்டம்தான். ஆனால் சந்தா கட்டியவர் ஏற்கெனவே விளையாட்டுப் பைத்தியம். புதிய ஆளும் வருவதில்லை, எல்லாப் போட்டியும் கிடைப்பதுமில்லை. மூன்றில் என் கணக்கில் இதற்குத்தான் கடைசி இடம்.

ஓடிடி

அமெரிக்காவின் என்பிசியை வைத்தே கதையைச் சொல்லிவிடலாம். 2012 லண்டன் பாராலிம்பிக்ஸுக்கு அவர்கள் தொலைக்காட்சியில் ஒதுக்கியது மொத்தம் ஐந்தரை மணி நேரம். நேரலை கிடையாது, எல்லாம் தொகுப்பு. சர்வதேச பாராலிம்பிக் கமிட்டித் தலைவராக இருந்த பிலிப் கிரேவன் அதை வெளிப்படையாகவே விமர்சித்தார். 2024 பாரிஸுக்கு அதே நிறுவனம் தன் பீகாக் செயலியில் 1,500 மணி நேரம் அறிவித்தது. 22 விளையாட்டுகளும் நேரலை.

பிரமிப்பாக இருக்கிறது, சரி. ஆனால் பக்கத்து எண்ணையும் பாருங்கள். அந்த முறை தொலைக்காட்சிக்கு ஒதுக்கியது 140 மணி நேரம். மீதியெல்லாம் காசு கொடுத்துத் திறக்க வேண்டிய செயலிக்குள். தேடி வருபவருக்குப் பெரிய விருந்து. தேடாதவருக்கு அப்படி ஒன்று நடப்பதே தெரியாது. செயலியின் முகப்பில் போட்டியின் படம் இரண்டு நாள் இருக்கும். மூன்றாம் நாள் ஏதோ ஒரு தொடர் வந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

உள்ளே போனாலும் முழிக்கத்தான் வேண்டும். ‘தடகளம், மாலை அமர்வு’ என்று ஒரே வரி இருக்கும். அதற்குள் நான்கு மணி நேரம் ஓடும். நாம் தேடும் உயரம் தாண்டுதல் எங்கே என்று நேரக்கோட்டை இழுத்துக்கொண்டே போகவேண்டும். பல நேரம் வர்ணனையும் இருக்காது, உலகத்துக்கெல்லாம் பொதுவாக வரும் காட்சி அப்படியே வரும். பிரிவுகளில் டி63 என்றால் என்ன, டி42 என்றால் என்ன என்று சொல்ல ஆளில்லை.

இதில் நேரம் வேறு பிந்தும். கைப்பேசியில் வரும் காட்சி டிவியைவிட அரை நிமிடம்வரைகூடப் பின்னால் ஓடலாம். கூடத்தில் டிவி, அறையில் நான் கைப்பேசியோடு. கூடத்திலிருந்து கைதட்டல் கேட்கிறது. என் திரையில் அந்த வீரர் இன்னும் ஓடவே தொடங்கவில்லை.

ஆனாலும் முழுப் போட்டியையும் நேரலையில் பார்ப்பதற்கு ஈடு இல்லை. மாரியப்பன் தங்கவேலுவின் மூன்று பதக்கங்களை எடுத்துக்கொள்ளுங்கள். 2016 ரியோவில் 1.89 மீட்டர் தாண்டி அவர் தங்கம் வென்றதை நம்மில் பெரும்பாலோர் செய்தியில் வந்த துண்டுக் காட்சியாகத்தான் பார்த்தோம். ஒரு தாண்டல், ஒரு கொடி, முடிந்தது. டோக்கியோ போட்டியை 2021இல் இங்கே யூரோஸ்போர்ட்டும் டிடி ஸ்போர்ட்ஸும் காட்டின. உயரம் தாண்டுதலின்போது தூறல். பாதிப்புள்ள காலில் போட்டிருந்த காலுறை நனைந்துவிட்டது என்று அவரே பிறகு சொன்னார். 1.86 மீட்டர் தாண்டினார், 1.88 தாண்டியவருக்குத் தங்கம் போனது. மழை, ஒவ்வொரு முயற்சிக்கும் நடுவே அந்தக் காத்திருப்பு, கம்பி விழும் சத்தம், இதெல்லாம் தொகுப்பில் வராது. தொகுப்பில் ‘வெள்ளி’ என்ற சொல் மட்டும் வரும். பாரிஸில் 1.85 தாண்டி வெண்கலம் வாங்கியபோது ஜியோ சினிமாவிலும் பார்க்க முடிந்தது. அதே பாரிஸில் துளசிமதி முருகேசன், மனிஷா ராமதாஸ், நித்யஸ்ரீ சிவன் மூவரும் பாட்மின்டனில் பதக்கம் வென்றார்கள். முதல் சுற்றிலிருந்து அவர்களைத் தொடர வேண்டுமென்றால் ஓடிடியை விட்டால் வழியில்லை.

யூடியூப் தனி ரகம். சர்வதேச கமிட்டியே தன் யூடியூப் பக்கத்தில் நேரலை கொடுக்கும், ஆனால் உரிமை விற்ற நாடுகளில் அது அடைபட்டிருக்கலாம். பாரிஸ் சமயத்தில் சேனல் 4 தன் நேரலைகளை யூடியூபிலும் விட்டது. கடவுச்சொல் இல்லை, சந்தா இல்லை, தேடினால் வந்து நிற்கும். இலவச சேனலுக்கு அடுத்தபடியாக எனக்குப் பிடித்தது இதுதான்.

யாருக்குப் பார்க்கக் கிடைக்கிறது

ஒப்பிடுபவர்கள் மணி நேரத்தை எண்ணுகிறார்கள், படத்தின் துல்லியத்தை எண்ணுகிறார்கள். மாற்றுத்திறனாளிகள் ஆடும் போட்டியை மாற்றுத்திறனாளிகள் பார்க்க முடிகிறதா என்று கேட்பவர் குறைவு.

சாதாரண டிவி ரிமோட்டில் 5 என்ற எண்ணின் மேல் ஒரு சின்னப் புள்ளி துருத்திக்கொண்டிருக்கும். பார்வையில்லாதவர் அதைத் தடவி மற்ற எண்களைக் கண்டுபிடித்துவிடுவார், மூன்று விநாடியில் சேனல் வந்துவிடும். கைப்பேசிச் செயலியில் அதே ஆள் திரை வாசிப்பானைப் போட்டுக்கொண்டு விரலை நகர்த்தினால், பெயர் வைக்காத பொத்தான்களுக்கெல்லாம் அது ‘பட்டன், பட்டன், பட்டன்’ என்று சொல்லிக்கொண்டே போகும். எந்தப் பட்டன் நேரலை, எது விளம்பரம்? குத்துமதிப்பாகத் தட்ட வேண்டியதுதான்.

சைகை மொழியில் நிலைமை தலைகீழ். டிவியில் மூலையில் தபால்தலை அளவுக்கு ஒரு கட்டத்தில் மொழிபெயர்ப்பாளர் நிற்பார், விரல் அசைவே சரியாகத் தெரியாது. ஓடிடியில் சைகை மொழிக்கென்று தனி ஒளிபரப்பே கொடுக்கலாம், பெரிதாகக் காட்டலாம். தொழில்நுட்பத்தில் தடையே இல்லை, மனசுதான் வேண்டும்.

ஒலிக்கு வருவோம். பார்வையற்றோர் கால்பந்தில் பந்துக்குள் சலசலக்கும் குண்டுகள் இருக்கும். பந்தை நோக்கிப் போகும் வீரர் ‘வோய்’ என்று குரல் கொடுத்தாக வேண்டும். ஆட்டம் ஓடும்போது அரங்கம் மூச்சுவிடாமல் இருக்கும், கோல் விழுந்தால்தான் வெடிக்கும். இதை வர்ணனையாளர் இடைவிடாமல் பேசும் டிவியில் ஒருமுறை பார்த்தேன். அப்புறம் வர்ணனையே இல்லாத ஓடிடியில், காதில் ஹெட்போனோடு பார்த்தேன். பந்து இடமிருந்து வலமாகச் சலசலத்துக்கொண்டு ஓடியது, பின்னால் ‘வோய், வோய்’. கண்ணை மூடியும் கொஞ்ச நேரம் ஆட்டத்தைத் தொடர முடிந்தது. ஓடிடியின் குறை என்று நான் மேலே எழுதிய அந்த வர்ணனையின்மை, இந்த ஒரு ஆட்டத்துக்கு வரமாகிவிட்டது.

ஒன்றே ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் நான் இலவச சேனலைத்தான் கேட்பேன், தினமும் நான்கு மணி நேரம் காட்டினாலும் போதும். பிரிவுகளை விளக்கத் தெரிந்த ஒருவர் அதில் இருக்கவேண்டும், இறுதிப்போட்டியின் நடுவே விளம்பரம் கூடாது. இரண்டு கிடைத்தால், பழகிய பிறகு தொடர்ந்து பார்க்க ஓடிடி.

2028 லாஸ் ஏஞ்சலஸில் பாரா சுவரேற்றம் முதல் முறையாகச் சேர்கிறது. செங்குத்துச் சுவரில் பார்வையற்ற ஒருவர் ஏறுவார், அடுத்த பிடி எங்கே இருக்கிறது என்று கீழே நிற்கும் வழிகாட்டி சொல்லிக்கொண்டே இருப்பார். அந்தக் குரலை நமக்குக் கேட்க விடுவார்களா, அதன் மேலேயே வர்ணனையாளர் பேசிவிடுவாரா? அதைத்தான் நான் முதலில் கவனிக்கப் போகிறேன்.